காலையில் தோற்கடித்த பையன் மாலையில் ஜெயிக்கணும்! வார இறுதி செஸ் போட்டியில் கோப்பை யாருக்குப் போகிறது?

சென்னை: ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் செஸ் போட்டி நடக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பாருங்கள். கடைசி ரவுண்டு முடிந்திருக்கும். ஆனால் ஒருத்தர்கூட வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.

அப்பா, அம்மா, தாத்தா, கோச் என்று ஒரு பெருங்கூட்டமே ஒரு தாளுக்காகக் காத்திருக்கும். சுவரில் ஒட்டப் போகிற ரிசல்ட் தாள் அது. இப்போதெல்லாம் செல்போனிலேயே வந்துவிடுகிறது என்றாலும், சுவர்த் தாளைக் கண்ணால் பார்த்தால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி.

தாள் ஒட்டியதும்தான் கச்சேரி ஆரம்பம்! "என் பையனும் ஏழு பாயிண்ட், அவனும் ஏழு பாயிண்ட். அவனுக்குக் கோப்பை, எம் புள்ளைக்கு மெடலா? என்னா சார் நியாயம் இது?" என்று ஒரு அப்பா கண்டிப்பாகக் கேட்பார்.

நடுவரும் "டை பிரேக் சார்" என்று ரெண்டே வார்த்தையில் முடித்துக்கொள்வார். அடுத்த கேள்விக்கு அவர் நிற்க மாட்டார். பாவம், அவருக்கு இன்னும் நாலு பிரிவுக்குக் கோப்பை எண்ண வேண்டியிருக்கும்.

கேட்டவருக்கு ஒன்றும் புரியாது. "ஏதோ உள்குத்து இருக்குப்பா" என்று முணுமுணுத்தபடி பையனை வண்டியில் ஏற்றுவார். உண்மையில் இதில் உள்குத்து எதுவும் இல்லை. இருப்பது ஒரு கூட்டல் கணக்கு. அந்தக் கணக்குக்குள்தான் இந்த விளையாட்டின் நட்பே ஒளிந்திருக்கிறது.

எம்.ஆர்.சி. நகரில் நடந்தது என்ன?

இதே மாதிரி ஒரு சம புள்ளிக் கூத்து பெரிய இடத்திலும் நடந்தது. 2023 டிசம்பர் 15 முதல் 21 வரை எம்.ஆர்.சி. நகர் லீலா பேலஸ் ஓட்டலில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி நடைபெற்றது. தமிழக அரசின் ஏற்பாடு. 8 பேர், 7 ரவுண்டு.

முடிவில் சென்னைப் பையன் குகேஷும் வாரங்கல் பையன் அர்ஜுன் எரிகைசியும் ஆளுக்கு நாலரைப் புள்ளி. கோப்பை டை பிரேக்கில் குகேஷுக்குப் போனது.

அப்போது குகேஷுக்கு வயது 17. உலக சாம்பியனை எதிர்த்து ஆடப் போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் நுழைய, அந்த வருஷம் முடிவதற்குள் அவருக்குப் புள்ளிகள் தேவைப்பட்டன. எம்.ஆர்.சி. நகரில் கிடைத்த புள்ளிகள்தான் அவரைப் பட்டியலில் மேலே தூக்கியது. 'குகேஷுக்காகவே அவசர அவசரமாக நடத்திய போட்டி' என்று வெளிநாட்டில் சிலர் புகைந்தார்கள். ஆனால் மேஜையில் உட்கார்ந்து ஆடி ஜெயித்தது குகேஷ்தானே!

மீதியை ஊரே அறியும். 2024 ஏப்ரலில் டொரண்டோவில் கேண்டிடேட்ஸ் வெற்றி. அதே ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5 - 6.5 என்று சாய்த்து, 18 வயதில் உலக சாம்பியன்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், மந்தைவெளியில் இருந்து நடந்து போகிற தூரத்தில், அர்ஜுனோடு சரிசமமாக நின்று டை பிரேக்கில் தப்பித்த பையன்தான் அவர். அதனால் அந்த ரெண்டு வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

நாக் அவுட் கிடையாது

கிரிக்கெட், கேரம் போட்டிகளில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வார இறுதி செஸ்ஸில் அப்படி இல்லை. இங்கே நடப்பது 'சுவிஸ்' முறை. 1895-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆரம்பித்ததால் அந்தப் பெயர்.

இதில் தோற்றாலும் வெளியே போக வேண்டாம். எல்லோரும் எல்லா ரவுண்டும் ஆடலாம். முதல் ரவுண்டில் பட்டியலின் மேல் பாதியும் கீழ் பாதியும் மோதும். 100 பேர் வந்தால் 1-ம் நம்பருக்கு 51-ம் நம்பர். அதற்கு அப்புறம் ஜெயித்தவனுக்கு ஜெயித்தவன், தோற்றவனுக்குத் தோற்றவன். ஒரு தடவை ஆடியவனோடு மறுபடி ஆட வேண்டியதில்லை.

சில நூறு ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு, 5பி பஸ்ஸைப் பிடித்து வருகிற குடும்பத்துக்கு இதுதான் பெரிய ஆறுதல். முதல் ஆட்டத்தில் பையன் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாலும், காசு வீண் இல்லை. இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நூறு பேர் எட்டு ரவுண்டு ஆடினால் மேலே நாலைந்து பேர் ஒரே புள்ளியில் வந்து நிற்பார்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடவும் இல்லை. அப்புறம் யார் பெரியவன் என்று எப்படிச் சொல்வது?

அதற்குத்தான் 'புக்கோல்ஸ்' கணக்கு. 1932-ல் ஜெர்மனிக்காரர் ஒருவர் கொண்டு வந்தது. விஷயம் ரொம்ப சிம்பிள். உன்னோடு ஆடிய ஒவ்வொருத்தனும் கடைசியில் மொத்தம் எத்தனை புள்ளி எடுத்தான் என்று கூட்டு. எவன் கூட்டல் பெரியதோ அவன் மேலே.

ரெண்டு பையன்கள் தலா 7 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் பையனோடு ஆடிய 8 பேரும் சேர்ந்து எடுத்தது 40 புள்ளி. ரெண்டாவது பையனோடு ஆடியவர்கள் எடுத்தது 36. அப்படியானால் முதல் பையன் கஷ்டமான ஆட்களோடு ஆடித்தான் அந்த 7-ஐ எடுத்திருக்கிறான் என்று அர்த்தம். கோப்பை அவனுக்கு.

பல போட்டிகளில் இந்த 8 பேரில் ரொம்பக் குறைந்த புள்ளி எடுத்தவனை விட்டுவிட்டுக் கூட்டுவார்கள். முதல் ரவுண்டில் அமைந்த எதிராளி ரொம்ப சுமாராக இருந்தால் அது நம்ம தப்பா என்ன? அதற்காகத்தான்.

எல்லோரும் எல்லோரோடும் ஆடும் போட்டிக்கு இது சரிப்படாது. அங்கே 'சோன்போர்ன் பெர்கர்' என்று வேறு கணக்கு. யாரை ஜெயித்தாயோ அவர்கள் புள்ளி முழுசாக, யாரோடு டிரா செய்தாயோ அவர்கள் புள்ளி பாதியாக. எம்.ஆர்.சி. நகரில் குகேஷை மேலே கொண்டுபோனது இந்தக் கணக்குதான்.

வாண்டுகளுக்குத் தெரிந்த ரகசியம்

இப்போது யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் நீங்கள் தோற்கடித்த பையன், அதற்கு அப்புறம் எத்தனை ஆட்டம் ஜெயிக்கிறானோ அத்தனையும் உங்கள் கூட்டலில் வந்து சேரும். அவன் படுத்துவிட்டால் உங்கள் கூட்டலும் படுத்துவிடும்!

அதனால்தான் ஞாயிறு மத்தியானம் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். தன் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்த பொடியன், சாப்பிடப் போகாமல் கயிறு கட்டிய இடத்தில் நின்று வேறு ஒரு போர்டையே பார்த்துக்கொண்டிருப்பான். நேற்று அவன் அடித்த பையன் அங்கே ஆடிக்கொண்டிருப்பான். அந்தப் பையன் ஜெயித்து வெளியே வந்தால் முதல் ஆளாய் ஓடிப்போய் கை கொடுப்பவன் இவன்தான்.

முதலில் கணக்குக்காகத்தான் கை கொடுக்கிறான். அப்புறம் ரெண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து நேற்றைய ஆட்டத்தைப் பேச ஆரம்பிப்பார்கள். "நீ குதிரையை அங்க வெச்சிருந்தா நான் காலிடா" என்று தோற்கடித்தவனே சொல்லிக் கொடுப்பான். டிபன் பாக்ஸ் திறக்கும். அடுத்த வாரம் வேறு பள்ளிக்கூடத்தில் பார்த்தால் "டேய்" போட்டுக் கூப்பிடுகிற அளவுக்கு நெருக்கமாகிவிடும்.

தோற்ற பையன் ரெண்டாவது நாள் வராமல் கிளம்பிவிட்டால் நஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லை. அவன் உட்கார்ந்து ஆடி ஜெயித்திருந்தால் மற்றவர்களுக்குச் சேர்ந்திருக்க வேண்டிய புள்ளி சேராமல் போய்விடும். "நாளைக்கு வந்துடுடா" என்று ஒருத்தனை ஒருத்தன் கெஞ்சுவதற்குப் பின்னால் இப்படி ஒரு சுயநலமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல சுயநலம்தானே!

ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பழையபடி அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது இந்த ஹால்களில் எழுதாத சட்டம். சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன நிமிஷத்தில் குகேஷ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு காயாக எடுத்து அதன் இடத்தில் வைத்ததை டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எதிரே உட்கார்ந்தவரே கூட நின்றார்

பெரிய மேஜையிலும் இதே கதைதான். எம்.ஆர்.சி. நகர் போட்டியில் குகேஷை எதிர்த்து ஆடிய 7 பேரில் ஹரிகிருஷ்ணாவும் ஒருவர். மறு வருஷம் சிங்கப்பூரில் டிங் லிரெனுக்கு எதிராகக் குகேஷைத் தயார் செய்த ரகசியக் குழுவில் இருந்தவரும் இதே ஹரிகிருஷ்ணாதான்!

அந்தக் குழுவில் ஜெர்மனிப் பையன் வின்சென்ட் கீமரும் இருந்தார். 2025 ஆகஸ்டில் அவர் சென்னைக்கே வந்து, தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சியில் நடந்த சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஓட்டலில் தீப்பிடித்ததால் ஒரு நாள் தள்ளித் தொடங்கிய போட்டி அது. 2013 நவம்பரில் ஆனந்த் தன் உலகப் பட்டத்தை கார்ல்சனிடம் பறிகொடுத்ததும் இதே ஓட்டலில்தான். நம்ம ஊர் ஆட்களுக்கு ராசியில்லாத இடம் போலிருக்கிறது. ஆனால் 2025-ல் அங்கேயே நடந்த சேலஞ்சர்ஸ் பிரிவில் காரைக்குடி பிரணேஷ் ஜெயித்து மானத்தைக் காப்பாற்றினார்.

அர்ஜுன் கதைதான் பரிதாபம். 2024 நவம்பரில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்த போட்டியிலும் அர்ஜுன், அரவிந்த் சிதம்பரம், அர்மீனியாவில் பிறந்த லெவோன் அரோனியன் மூவரும் நாலரைப் புள்ளியில் சமம். கடைசியில் பிளிட்ஸ் ஆட்டத்தில் அரோனியனை வீழ்த்தி அரவிந்த் கோப்பையை வாங்கினார். ஆக, ரெண்டு வருஷமும் சென்னையில் முதல் ஆளுக்குச் சமமான புள்ளி எடுத்தும் அர்ஜுனுக்குக் கோப்பை இல்லை.

அவர் நடுவரிடம் சண்டைக்குப் போனதாகத் தகவல் இல்லை. இடையில், 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் குகேஷும் அர்ஜுனும் ஒரே அணியில் ஆடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். தனிப்பட்ட தங்கமும் ஆளுக்கு ஒன்று.

கோப்பை வாங்கிய அரவிந்தும் சும்மா வந்தவர் இல்லை. மதுரைக்காரர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தவர். அம்மா எல்.ஐ.சி. ஏஜென்ட் வேலை பார்த்து வளர்த்தார். பஸ் ஏறி ஏறிப் போட்டிக்குப் போன குடும்பங்கள் அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டாடின.

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் 19 புள்ளியில் சமம். டை பிரேக்கில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. பெண்கள் பிரிவில் 17 புள்ளியில் மூன்று அணிகள் நின்றபோது, அதே டை பிரேக் தான் நம்ம வைஷாலி, ஹம்பி, நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிய ஹரிகா ஆகியோரின் அணிக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தது. நமக்குக் கிடைக்கும்போது யாரும் 'உள்குத்து' என்று சொல்லவில்லை!

ஆழ்வார்பேட்டை வரிசை

சென்னைக்கு இந்தப் பழக்கம் நேற்று வந்தது இல்லை. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தால் செஸ் கிளப்பை ஆரம்பித்தார். சின்னப் பையன் ஆனந்த் போய் ஆடிப் பழகியது அங்கேதான்.

அங்கே கோப்பையும் கிடையாது, மெடலும் கிடையாது. வேக ஆட்டத்தில் ஜெயித்தவன் நாற்காலியிலேயே உட்காரலாம். தோற்றவன் எழுந்து வரிசைக்குப் பின்னால் போக வேண்டும். மறுபடி ஆட வேண்டுமா, ஜெயித்துக்கொண்டே இரு. பெரிய ஆளுங்களும் டவுசர் போட்ட பையனும் ஒரே வரிசை.

வார இறுதிப் போட்டியில் அந்த வரிசை இல்லை. வயதுப் பிரிவு வந்துவிட்டது, மூன்று அடிக் கோப்பை வந்துவிட்டது. ஆனாலும் ஓபன் பிரிவு என்று ஒன்று பல இடங்களில் இருக்கிறது. ரிடையர் ஆன பெரியவர் ஒன்பது வயசு வாண்டிடம் தோற்றுவிட்டு, "நல்லா ஆடினப்பா" என்று தலையைத் தடவிவிட்டுப் போவதை அங்கே இன்னமும் பார்க்கலாம். மயிலாப்பூர் திருவிழா சமயத்தில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகளை உட்கார வைத்து செஸ் போட்டி நடத்தியதும் இந்த வாசனையில்தான்.

நட்பு எல்லை மீறினால்...

எல்லாம் நல்ல நட்பு என்று சொல்லிவிட முடியாது. கடைசி ரவுண்டில் முன்னணியில் இருக்கும் ரெண்டு நண்பர்கள், "டிரா போட்டுக்கலாம், ரெண்டு பேருக்கும் பரிசு" என்று வெளியிலேயே பேசி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. ஆடிப் பார்த்துவிட்டு, நிலைமை சமமாக இருக்கும்போது டிரா கேட்பது தப்பில்லை. முன்கூட்டியே பேசி வைப்பது விதிப்படி தப்பு.

அடி வாங்குவது மூன்றாவது பையன். அரைப் புள்ளி பின்னால் இருந்து, 'ரெண்டு பேரில் எவனாவது தோற்றால் நமக்கு சான்ஸ்' என்று மாங்கு மாங்கென்று ஆடிக்கொண்டிருப்பான். அவனுக்குச் சொல்லாமலேயே கதவைச் சாத்தியது போல.

உலக அளவிலேயே இது சந்தி சிரித்தது. 2023 டிசம்பர் கடைசியில் சாமர்கண்ட் உலக பிளிட்ஸ் போட்டியில் ரஷ்ய நண்பர்கள் நெபோம்னியாச்சியும் டுபோவும் குதிரைகளை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்தி டிரா போட்டார்கள். நடுவர் ரெண்டு பேருக்கும் முட்டை போட்டு அனுப்பினார்! ஆனால் அடுத்த வருஷம் நியூயார்க்கில் கார்ல்சனும் இதே நெபோம்னியாச்சியும் உலக பிளிட்ஸ் பட்டத்தையே பாதி பாதி பிரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பெரியவர்களுக்கு ஒரு நியாயம், சின்னவர்களுக்கு ஒரு நியாயமா என்று பசங்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

இதற்கு நேர் எதிராக 2025 பிப்ரவரி 2-ம் தேதி நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்லலாம். டாடா ஸ்டீல் போட்டியின் கடைசி ரவுண்டில் குகேஷ் அர்ஜுனிடமும், பிரக்ஞானந்தா கீமரிடமும் தோற்றார்கள். முன்னணியில் இருந்த ரெண்டு பேருக்கும் அன்றைக்குக் கறுப்பு நாள். 8.5 புள்ளியில் சமமாக நின்றதால், ஒரே ஸ்கூலில் படித்த இந்த ரெண்டு சென்னைப் பையன்களும் டை பிரேக்கில் மோத வேண்டி வந்தது. குகேஷ் அப்போது உலக சாம்பியன். முதல் ஆட்டத்தை அவர் ஜெயித்தார். விட்டுக் கொடுக்காமல் அடுத்த ரெண்டையும் வென்று பிரக்ஞானந்தா கோப்பையைத் தட்டினார். நட்பு என்று யாரும் அங்கே காயை விட்டுக் கொடுக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே...

பசங்களிடம் பிரச்சினை குறைவு. பிரச்சினை கேட்டுக்கு வெளியேதான் என்று சொன்னால் பெற்றோர்கள் கோபிக்கக் கூடாது.

தோற்று வருகிற பிள்ளையிடம் "தண்ணி குடிச்சியா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். "அவன்கிட்ட போயா தோத்த?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ரெண்டாவது கேள்வி வந்தவுடன், படிக்கட்டில் சேர்ந்து உட்கார வந்த அந்த எதிராளிப் பையன் ஒதுங்கிப் போய்விடுவான்.

ஆத்திரம் எல்லோருக்கும் வருவதுதான். 2025 ஜூன் 1-ம் தேதி நார்வேயில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேஜையைக் குத்திய குத்தில் காயெல்லாம் ஆடிப்போனது. உலக நம்பர் ஒன்! ஆனால் அடுத்த நிமிஷமே மன்னிப்புக் கேட்டு, குகேஷ் முதுகில் தட்டிவிட்டுத்தான் போனார்.

பெற்றோர் பதறுவதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. கட்டணம், ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு, கோச் பீஸ் என்று கூட்டினால் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு ஒரு சனி, ஞாயிறே கையைக் கடிக்கும். ரெண்டு நாள் வேலையும் போகும். அதற்கு ஈடாகக் கையில் கோப்பையோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைப்பதைக் குறை சொல்ல முடியாது.

ரேட்டிங் ஆசை வேறு. சர்வதேச ரேட்டிங் பட்டியலில் இடம்பிடிக்கக் குறைந்தபட்சம் 1400 வேண்டும் என்று 2024 மார்ச்சில் விதி மாறியது. அதற்கு ரேட்டிங் போட்டியில்தான் ஆட வேண்டும். பல வார இறுதிப் போட்டிகளில் ரேட்டிங்கே கிடையாது. அது தெரியாமல் "இங்க தோத்தா ரேட்டிங் போயிடும்" என்று பிள்ளையை மிரட்டுகிறவர்கள் உண்டு. இல்லாத ரேட்டிங் எங்கே சார் போகும்?

பிரக்ஞானந்தா வீட்டில் முதலில் செஸ்ஸுக்கு அனுப்பியது அக்கா வைஷாலியைத்தான். காரணம், டிவி பார்ப்பதைக் குறைக்க. தம்பி பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டான். அப்பா வங்கி வேலைக்குப் போக, போட்டிக்கெல்லாம் கூடவே போய் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தவர் அம்மா நாகலட்சுமி. அக்கா, தம்பி ரெண்டு பேருமே கிராண்ட் மாஸ்டர் ஆனது உலகத்திலேயே முதல் முறை.

சண்டைக்கு முன்னால்...

டை பிரேக்கை நடுவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. போட்டி அறிவிப்புத் தாளிலேயே எந்தக் கணக்கு முதலில், எது அடுத்து என்று போட்டிருப்பார்கள். சில இடங்களில் சமமாக நிற்கிற ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடியிருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சில இடங்களில் நேரடியாக புக்கோல்ஸ். அறிவிப்பில் போடவே இல்லை என்றால், முதல் ரவுண்டு தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சனிக்கிழமை காலையிலேயே அதைப் பார்த்து வைத்துவிட்டால், ஞாயிறு சாயந்திரம் நடுவரிடம் கேட்க ஒரே கேள்விதான் மிச்சம் இருக்கும். "பரிசளிப்பு எத்தனை மணிக்கு சார்? கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்."